பதினாறுக்கு மேல் ஒன்றுமில்லை

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

ஸ்பீக்கர் நேற்றே வந்துவிட்டது. இன்றுதான் பிரிக்க நேரம் கிடைத்தது. இரண்டு பெட்டி, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். "ஹால்ல வெச்சா டிவிய எங்க வெக்கிறது?" என்றார் என் வீட்டுக்காரர் அருண். மகள் இளவேனில் படிக்கத் திருச்சிக்குப் போனதிலிருந்து அவள் அறை சும்மாதான் கிடக்கிறது. அங்கே இரண்டு ஸ்டூல் போட்டு மேலே ஏற்றினோம். ஜன்னலைச் சாத்தியே வைக்க வேண்டும். இந்த நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் திறந்து வைத்த எதன் மேலும் ஒரு வாரத்தில் கறுப்பாக நிலக்கரித் தூசு படிந்துவிடும்.

வாங்கலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் யோசித்தேன். வாங்கிய பிறகு அடுத்த கேள்வி வருகிறது. இதில் எதைப் போட்டுக் கேட்பது?

போனில் ஆப் இருக்கிறது. ஆனால் போனிலிருந்து வயரில்லாமல் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் வழியிலேயே இன்னொரு முறை சுருங்கிவிடும் என்கிறாள் இளவேனில். பென் டிரைவில் பழைய எம்பி3 கொஞ்சம் கிடக்கிறது. இது எதுவுமே வேண்டாம், நான் கொண்டுவந்து தருகிறேன், பொறு என்கிறார் அண்ணன்.

10 பிப்ரவரி

பென் டிரைவைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பாட்டு கத்துகிறது, அடுத்த பாட்டு முனகுகிறது. ஒன்றின் நடுவில் ஒரு பெண் குரல் ஏதோ வெப்சைட் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறது. இது வேண்டாம்.

13 பிப்ரவரி

மதியம் லேபில் பவுல்ராஜ் கேட்டார், "எம்பி3க்கும் ஃப்ளாக்குக்கும் அப்படி என்ன மேடம் வித்தியாசம்?" தெர்மல் மின் நிலையத்துக்கு வரும் தண்ணீரைச் சோதிக்கிற லேப் எங்களுடையது. பவுல்ராஜும் நானும் ஒரே மேஜையில் பதினைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறோம். எதைக் கேட்டாலும் விளக்கமாகச் சொன்னால்தான் விடுவார்.

இரண்டும் பாட்டைச் சுருக்கி வைக்கிற விதம்தான் என்று மெத்தையை வைத்துச் சொன்னேன். ஃப்ளாக் என்பது மெத்தையை இறுக்கிச் சுருட்டிக் கட்டுவது. பிரித்து விரித்தால் அதே மெத்தை. எம்பி3 என்பது படுக்கிறவனுக்குத் தெரியாது என்று நினைக்கிற இடங்களில் பஞ்சை உருவிவிட்டுத் தைப்பது. சின்னதாகிவிடும், தூக்கிப்போக வசதி. உருவிய பஞ்சு திரும்ப வராது. ஏஏசி என்று இன்னொன்று இருக்கிறது. அதுவும் பஞ்சை உருவுவதுதான், கொஞ்சம் கெட்டிக்காரத் தையல்காரன்.

"படுத்தா தெரியுமா?" என்றார். தெரிகிறவர்களுக்குத் தெரியும் என்றேன். எனக்குத் தெரியுமா என்று நல்லவேளை அவர் கேட்கவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

அண்ணனும் அண்ணியும் குறிஞ்சிப்பாடியிலிருந்து வண்டியில் வந்தார்கள். ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றி அண்ணி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். "கொழந்த மாதிரி புடிச்சிக்கினு வந்தேன்" என்றார்.

அண்ணன் தெய்வசிகாமணி என்றால் டவுன்ஷிப்பில் பாட்டு கேட்கிறவர்களுக்குத் தெரியும். கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். சம்பளத்தில் பாதி சிடிக்குப் போகிறது என்று அம்மா திட்டிக்கொண்டே இருப்பார். என்னைவிடப் பதினாலு வயது பெரியவர். நான் பள்ளிக்கூடம் போகும்போது செட்டுக்கு எதிரில் உட்காரவைத்து, "பின்னாடி கஞ்சிரா கேக்குதா?" என்பார். "கேக்குதுண்ணே" என்பேன். போன வருஷம் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு ஊர்ப்பக்கம் சின்னதாக வீடு கட்டிப் போய்விட்டார்.

"எம்பி3லாம் சக்கைம்மா. சாறு எடுத்துட்டு குடுக்கறது. இது சிடில இன்னா இருந்துச்சோ அப்படியே" என்றார் டிஸ்கை மாட்டிக்கொண்டே.

"சிடியெல்லாம் எங்கண்ணே வெச்சிருக்கீங்க?"

"எங்க வெக்கிறது? வூடு காலி பண்றப்ப பண்ருட்டில ஒரு கடையில குடுத்து அத்தனையும் ஃப்ளாக்கா ஏத்திக்கினேன். அப்புறம் அந்தப் பொட்டிங்கள கட்டிக்கினு அழுவுறதா? பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டேன்."

"ஒரு பீரோ ரொம்பி வழிஞ்சிது. அது போனப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சி" என்றார் அண்ணி.

மாலை வரை கேட்டோம். ஆம்ப்ளிஃபயரின் குட்டித் திரையில் பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் ஃப்ளாக் என்று காட்டுகிறது. உண்மையிலேயே வேறு மாதிரி இருந்தது. அறை பெரிதான மாதிரி. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டும் தாளம் போட்டார். "கேட்டியா, வயலின் எல்லாம் தனித்தனியா நிக்கிது?" என்றார். ஆமாண்ணே என்றேன்.

டிஸ்கில் இருந்த அத்தனையையும் என் லேப்டாப்பில் காப்பி எடுத்துக்கொண்டேன். முடிவாகிவிட்டது. வீட்டில் ஃப்ளாக்.

20 பிப்ரவரி

வீட்டில் ஃப்ளாக், சரி. போனில் அது கொள்ளாது. பஸ்ஸில் கேட்க ஒரு சின்ன நகல் வேண்டும். ஃப்ளாக்கிலிருந்து எம்பி3 ஆக்குவதா, ஏஏசி ஆக்குவதா? இளவேனில் போனில் சொன்னாள்: "காதால முடிவு பண்ணாதம்மா, ஏமாத்தும். பாட்டைப் படமா வரைஞ்சு காட்டற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, ஃப்ரீதான். ரெண்டு நகலையும் அதுல போட்டு, எது எவ்வளவு வெட்டியிருக்குன்னு பாரு."

லேப்காரிக்குப் பிடித்த பேச்சு. சனிக்கிழமை பார்க்கிறேன்.

22 பிப்ரவரி, சனி

பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

படத்தில் குறுக்கே நேரம் போகிறது, நெடுக்கே சுரத்தின் உயரம் — கீழே மிருதங்கம், மேலே ஜால்ரா, அதற்கும் மேலே காதுக்கு எட்டாத சலசலப்பு. சிடியில் இருப்பது நொடிக்கு இருபத்திரண்டாயிரம் அதிர்வு வரை போகும். எம்பி3 நகல் எங்கே வெட்டுகிறது என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். ஒப்பிட மூலத்தையும் திறந்தேன். அண்ணன் கொடுத்த ஃப்ளாக்.

பதினாறாயிரத்தில் கோடு போட்டு வெட்டியிருக்கிறது. ஸ்கேல் வைத்து வெட்டின மாதிரி. அதற்கு மேலே வெறும் கறுப்பு.

மலிவான எம்பி3 வெட்டுகிற இடம் அது.

பழைய ரெக்கார்டிங், மேலே எதுவும் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று புதிய ஆல்பம் ஒன்றைத் திறந்தேன். அதே இடம். நாகஸ்வரம், அதே இடம். எல்லாம் ஒரே அளவில். அப்படியென்றால் யாரோ எம்பி3யை எடுத்து ஃப்ளாக் உறையில் போட்டிருக்கிறார்கள். பஞ்சை உருவின மெத்தையைச் சுருட்டிக் கட்டி, இது முழு மெத்தை என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

சாம்பிளை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. ஒப்பிட ஒரிஜினல் வேண்டும். ஒரிஜினல் பழைய சாமான்காரனிடம் போய்விட்டதே?

25 பிப்ரவரி

இளவேனில் அலமாரியில் நோட்டுகளுக்குப் பின்னால் அண்ணனுடைய சிடி ஒன்று கிடைத்தது. எப்போதோ கேட்க வாங்கி வந்து திருப்பித் தராதது. நாகஸ்வரம். பவுல்ராஜிடம் வெளியே மாட்டும் சிடி டிரைவ் இருக்கிறது, கொண்டுவந்தார்.

சிடியிலிருந்து நானே ஏற்றி, படம் போட்டேன். மேலே வரைக்கும் நிறைந்து இருக்கிறது. பக்கத்தில் அண்ணன் டிஸ்கிலிருந்து அதே பாட்டு. பதினாறில் வெட்டு.

சந்தேகத்துக்கு இடமில்லை.

26 பிப்ரவரி

அருணிடம் சொன்னேன். மைன்ஸில் ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அதனால இப்ப என்ன?" என்றார்.

"அண்ணன்கிட்ட சொல்லணுமில்ல?"

"சொல்லி? சிடி திரும்ப வருமா? ரிட்டயர் ஆனதுலருந்து மனுஷனுக்கு இருக்கறது இது ஒண்ணுதான். நல்லா இருக்குன்னு கேட்டுக்கிட்டிருக்காரு. விடு."

நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்குள் வேறொன்று உறுத்துகிறது. அன்றைக்கு நானும்தான் கேட்டேன். அறை பெரிதான மாதிரி என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். இல்லாத ஒன்று எனக்கு எப்படிக் கேட்டது?

27 பிப்ரவரி

கண்டுபிடித்துவிட்டேன். ஆப்பில் வருவதைவிட அண்ணனுடைய டிஸ்கில் இருப்பது சத்தம் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்தால் வித்தியாசம் போய்விட்டது. சத்தம் கூடினால் நல்லாயிருக்கு என்று தோன்றுகிறது. அதோடு ஃப்ளாக் என்ற எழுத்தையும் பார்த்துவிட்டேன்.

2 மார்ச், ஞாயிறு

குறிஞ்சிப்பாடி போனோம். அண்ணன் போட்டார். "கேட்டியா?" என்றார். ஆமாண்ணே என்றேன்.

9 மார்ச், ஞாயிறு

இன்றும் அப்படியே.

15 மார்ச், சனி

யாரிடமும் சொல்லாமல் பண்ருட்டி போய் வந்தேன். கடை பெயர் அண்ணியிடம் பேச்சுவாக்கில் வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், முந்திரிப் பருப்பு மொத்தக் கடைக்கும் ஒரு பாத்திரக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமான கடை. முன்பு வீடியோ எடிட்டிங், சிடி காப்பி எல்லாம் செய்தார்களாம். இப்போது போன் கவரும் சார்ஜரும் தொங்குகிறது. உட்கார்ந்திருந்தவர் பெயர் செங்குட்டுவன். நாற்பது வயது இருக்கும்.

சண்டை போடத்தான் போனேன். அவர் சண்டைக்கு இடமே கொடுக்கவில்லை.

"நெய்வேலி சாருதான? நாலு அட்டப் பொட்டில கொண்டாந்தாரு. ஞாபகம் இருக்குக்கா."

"அதெல்லாம் சிடியிலருந்து எடுத்தது இல்லையே."

கொஞ்சம் யோசித்தார். "இல்லக்கா. மொதல்ல சிடிய போட்டுத்தான் பாத்தேன். பாதி படிக்கல. பூஞ்ச புடிச்சி, கீறலு. ஒவ்வொண்ணும் அர மணி, ஒரு மணின்னு சுத்திக்கினே கெடக்குது. சாரு தெனமும் போன் பண்றாரு, வூடு காலி பண்ணணும், சீக்கிரம் குடுன்னு. சரின்னு எல்லாத்தையும் நெட்ல இருந்து எம்பி3யா எறக்கி ஃப்ளாக்கா மாத்திப் போட்டுட்டேன்."

"படிச்ச சிடியையும்?"

"படிச்சதையுந்தான்." கண்ணாடி மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஃப்ளாக்னு காட்டணும்னாரு, காட்டுச்சி. இங்கயே உக்காந்து ஹெட்போன்ல கேட்டாரு. பிரமாதம்னாரு. அதுக்கப்புறம் நா இன்னான்னு சொல்றது? சிடியெல்லாம் அப்படியேதான திருப்பிக் குடுத்தேன். அத தூக்கிப் போடுவாருன்னு எனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

தப்பு தப்புதான் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். "ஆமாங்க" என்றார்.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஹெட்போனில் கேட்டுவிட்டு பிரமாதம் என்றவர் என் அண்ணன். இதை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது.

23 மார்ச், ஞாயிறு

அண்ணன் இப்போது டிஸ்கைக் காப்பி எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். காலையில் தன்னோடு நடக்கிறவர்களுக்கு, பழைய ஸ்டோர்ஸ் ஆட்களுக்கு, இங்கே டவுன்ஷிப்பில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆன சவரியம்மாள் சிஸ்டருக்கு. "இந்த மாதிரி சுத்தமான சரக்கு வேற எவன்கிட்டயும் கெடையாது" என்று சொல்லித்தான் கொடுக்கிறார். அவர்களில் ஒருவர் பாண்டிச்சேரியில் ரேடியோ ஸ்டேஷனில் சவுண்ட் பார்த்தவராம். அடுத்த மாதம் எல்லோரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கவைக்கப் போகிறாராம் அண்ணன்.

அந்த ரேடியோக்காரர் நான் பார்த்ததைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்துப் பேர் நடுவில் சொன்னால்?

24 மார்ச்

அருணும் இப்போது சொல்லத்தான் வேண்டும் என்கிறார். "வெளியாள் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லிடு."

30 மார்ச், ஞாயிறு

போனேன். சொல்லவில்லை. அண்ணி பலாக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

அருணுக்குக் காய்ச்சல். போகவில்லை. காய்ச்சல் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குத்தான் சௌகரியமாகப் போயிற்று.

13 ஏப்ரல், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

லேப்டாப்பை எடுத்துப்போய் அண்ணன் எதிரில் வைத்து இரண்டு படத்தையும் காட்டினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும், "ஒன் மிஷின்ல கோளாறு இருக்கும்" என்றார். நாகஸ்வர சிடியைக் காட்டினேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அட்டையில் அவர் கையெழுத்து, வாங்கிய தேதி.

"ரெண்டையும் போடு" என்றார். "எது எதுன்னு சொல்லாத."

சத்தத்தைச் சமமாக்கிப் போட்டேன். முதலாவதுதான் சிடி என்றார். இல்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். இரண்டாவது என்றார். அதுவும் இல்லை. மூன்றாவது தடவை நடுவிலேயே நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். அண்ணி கதவோரம் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

நான் சமாதானமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். "எனக்கும் வித்தியாசம் தெரியலண்ணே. பதினாறுக்கு மேல நம்ம வயசுல யாருக்குமே கேக்காது. அதனால —"

"எனக்குக் கேக்கல. அது என் காது" என்றார். "ஆனா உள்ள இருக்கணுமில்ல?"

அண்ணி கேட்டார், "கேக்காதது இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "உனக்கு எப்ப தெரியும் இது?"

பொய் சொல்லியிருக்கலாம். "பிப்ரவரில" என்றேன்.

"இப்ப ஏப்ரலு."

"ஆமாண்ணே."

"ரெண்டு மாசமா எங்கூட உக்காந்து தலையாட்டிக்கினு இருந்திருக்க. வயலின் தனியா நிக்கிதுன்னேன். ஆமாண்ணேன்ன."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சரிபார்க்கிற மாதிரி சொன்னார். நான் எழுந்து அண்ணியோடு சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது செட்டின் வயரைப் பிடுங்கி, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். "வெயில் ஏறுது. கெளம்பு" என்றார்.

கிளம்புவதற்கு முன் பண்ருட்டிக்காரர் சொன்னதைச் சொன்னேன். ஹெட்போன் விஷயத்தை விட்டுவிட்டேன்.

20 ஏப்ரல், ஞாயிறு

அண்ணனிடமிருந்து போன் இல்லை. நான் செய்தால் எடுப்பதில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

இல்லை.

4 மே, ஞாயிறு

அண்ணி பேசினார். அவர்கள் கூடிக் கேட்பது நடக்கவில்லையாம். அண்ணனே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "நாளு பூரா நியூஸ் பாக்கறாரு. எந்தக் கட்சி ஜெயிச்சா எனக்கு இன்னா? அந்தப் பாட்டாவது ஓடிக்கினு கெடக்கும், நான் பாட்டுக்கு வேலையப் பாப்பேன். நீ சொல்லாம இருந்திருக்கலாம் கண்ணகி."

அண்ணியும் இப்படிச் சொல்கிறார்.

11 மே, ஞாயிறு

நான் என்ன தப்பு பண்ணேன்? சொன்னாலும் தப்பு, சொல்லாட்டியும் தப்பு. அவன் ஒருத்தன் பண்ருட்டில உக்காந்துக்கிட்டு சோம்பேறித்தனம் பண்ணதுக்கு என்கூடப் பேசமாட்டாராம். நாப்பது வருஷமா இவரு சொல்றதுக்கெல்லாம் ஆமாண்ணே ஆமாண்ணேன்னுதான இருந்தேன்? ஒரு தடவை — ஒரே ஒரு தடவை — இல்லண்ணேன்னு சொன்னேன்.

எழுதிவிட்டுப் படித்தேன். அவருக்குக் கோபமே அந்த ஆமாண்ணேயில்தான் என்று இப்போதுதான் உறைக்கிறது. நான் 'இல்லை' சொன்னதில் இல்லை.

12 மே

ஸ்பீக்கரைத் தொட்டு ஒரு மாதம் ஆகிறது. தூசு தட்டினேன்.

24 மே, சனி

மெயின் பஜாரில் காய் வாங்கும்போது சவரியம்மாள் சிஸ்டரைப் பார்த்தேன். பையைக் கீழே வைத்துவிட்டே பேச ஆரம்பித்தார்.

"கண்ணகி, உங்க அண்ணனுக்கு என்ன ஆச்சு? புதன்கிழமை உச்சி வெயில்ல வண்டிய ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறாரு. உள்ள வாங்கன்னா வரல. 'சிஸ்டர், நான் குடுத்த பாட்டு சரியான சரக்கு இல்ல. ஃப்ளாக்னு சொல்லிக் குடுத்தேன். அது ஃப்ளாக் இல்ல. வெச்சிக்கிறதுன்னா வெச்சிக்கோங்க, ஆனா அதுன்னு நெனச்சிக்கினு கேக்காதீங்க'ன்னாரு. எனக்கு ஒண்ணுமே புரியல. மோர் குடுத்தேன், நின்னுக்கிட்டே குடிச்சிட்டுப் போயிட்டாரு."

"உங்ககிட்ட மட்டுமா?"

"எங்கே! கொடுத்த வீடு ஒண்ணு விடாம போயிருக்காரு. எங்க தெருவுல இன்னொருத்தர்கிட்டயும் இதையேதான் சொல்லியிருக்காரு."

தவறான சாமானைக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் ஸ்டோர்ஸில் அப்படித்தான் செய்வார்கள். போய்ச் சொல்லித் திரும்ப வாங்குவார்கள். ஆனால் அது ஆபீஸ். இது அறுபது வயதில், மே மாத வெயிலில், ஒவ்வொரு வாசலாக.

சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாவம், அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அவரு குடுத்தத நான் ஒரு நாள்கூட போட்டது இல்ல. எங்க வீட்டுக்காரரு வாங்கினது டிரங்குப் பெட்டி நிறைய சிடியாவே இருக்கு. அவரு போனப்புறம் அதையே நான் தொறக்கல."

ஒரு டிரங்குப் பெட்டி சிடி.

25 மே, ஞாயிறு

அண்ணிக்குப் போன் செய்து சிஸ்டர் வீட்டுப் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். அண்ணனிடம் சொல்லுங்கள், ஆனால் நான் சொன்னதாக வேண்டாம் என்றேன். உடனே அந்தக் கடைசிப் பேச்சை வாபஸ் வாங்கினேன். "நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க அண்ணி."

1 ஜூன், ஞாயிறு

பதில் இல்லை.

8 ஜூன், ஞாயிறு

காலை டிபன் முடிக்கும் நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம். அண்ணன். பின்னால் கேரியரில் அட்டைப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. சிஸ்டரிடம் கேட்டு முதல் தவணையாக எடுத்து வந்திருக்கிறார்.

"அந்த டிரைவு இருக்கா?" என்றார்.

"பவுல்ராஜ்கிட்ட இருக்கு. வாங்கியாரச் சொல்றேன்."

"வாங்கியா."

அருண் போய் வாங்கி வந்தார். அதுவரை அண்ணன் இளவேனில் அறையில் தரையில் உட்கார்ந்து சிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி, நடுவிலிருந்து வெளியே. ஏப்ரல் மாதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முதல் சிடி ஏறியதும், "படத்த போடு" என்றார். போட்டேன். மேலே வரை நிறைந்திருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"ம்" என்றார். அடுத்ததை எடுத்தார்.

15 ஜூன், ஞாயிறு

அண்ணனுடைய பழைய சிடிகளில் பாதிக்கு மேல் சிஸ்டர் பெட்டியில் இல்லை. அவர்கள் வீட்டில் கேட்டது வேறு. நிறைய மாதா பாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு. அதையும் அண்ணன் ஏற்றுகிறார். "வந்தத எதுக்கு விடறது?" என்கிறார்.

பழைய டிஸ்கில் இருப்பதை என்ன செய்வது என்று கேட்டேன். அழித்துவிடச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"எம்பி3யாவே திருப்பி மாத்திட முடியாதா?"

"மாத்தினா இன்னும் கொஞ்சம் போயிடும்ணே. உருவினதுலயே மறுபடி உருவற மாதிரி."

யோசித்தார். "அப்ப அப்படியே கெடக்கட்டும். பேர மட்டும் மாத்து. எம்பி3ன்னே போடு. எவனாவது கேட்டா எம்பி3ன்னு சொல்லு."

ஃபோல்டர் பெயரை மாற்றினேன். எழுத்து சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

21 ஜூன், சனி

போனுக்கு ஏஏசி. சிடியிலிருந்து ஏற்றியவற்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். பஸ்ஸில் இது போதும். பவுல்ராஜ் கேட்டார், "படுத்தா தெரியுதா மேடம்?" எனக்குத் தெரியவில்லை என்றேன். அவருக்கு ரொம்பத் திருப்தி.

29 ஜூன், ஞாயிறு

அண்ணன் வரவில்லை. மழை. நாளைக்கு வருகிறேன் என்று அவரே போன் செய்து சொன்னார். நாளைக்கு எனக்கு டியூட்டி என்றேன். "சாவிய வெச்சிட்டுப் போ, நான் பாத்துக்கறேன்."

6 ஜூலை, ஞாயிறு

அண்ணியும் வந்தார். அருணுக்கு ஷிஃப்ட். ஒரு சிடி ரொம்ப நேரமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, கீறல். அண்ணன் விடுவதாக இல்லை. அது முடிகிற வரைக்கும் வேறு ஏதாவது போடு என்றார். கைக்கு வந்ததைப் போட்டேன். பழைய ஆல்பம், அவருக்கு ரொம்பப் பிடித்தது.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது எதுலருந்து?" என்றார்.

"எம்பி3ண்ணே."

நிறுத்தச் சொல்வார் என்று ரிமோட்டை எடுத்தேன். சொல்லவில்லை. விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட ஆரம்பித்தது. சரணம் முடிந்ததும் என்னைப் பார்த்தார். "இன்னா பாட்டும்மா இது. இல்ல?"

"எனக்கு இது பிடிக்காதுண்ணே. ரொம்ப இழுவையா இருக்கும்."

விரல் நின்றது. "நீ சொன்னதே இல்லியே."

"இப்ப சொல்றேன்."

சமையலறையில் அண்ணி சிரிப்பது கேட்டது. அண்ணன் சிரிக்கவில்லை.

"அப்ப உனக்குப் பிடிச்சது ஒண்ணு போடு, கேப்போம்."

தேடினேன். போட்டேன். அவர் இதுவரை என் எதிரில் ஒருநாளும் கேட்டிராத பாட்டு. கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.